மூக்கு திறந்துவிட்டது, மணம் மட்டும் திரும்பவில்லை

சளியும் காய்ச்சலும் விட்டுப் பல நாள் ஆகியிருக்கும். மூக்கடைப்பு இல்லை, இரண்டு துளையிலும் காற்று தாராளமாகப் போய்வருகிறது, உடம்பும் தேறிவிட்டது. ஆனால் காபி குடித்தால் சூடான கசப்புத் தண்ணீராக இருக்கிறது. சோப்பு வெறும் வழவழப்பு. பூண்டு உரித்த விரலை மூக்கருகே கொண்டுபோனால் ஒன்றுமே இல்லை. சளி இன்னும் உள்ளே தங்கியிருக்கிறது என்று நினைத்து மூக்கடைப்பு மருந்தைத் தொடர்பவர்கள் பலர். தானாக வரும் என்று மாதக்கணக்கில் விட்டுவிடுபவர்களும் உண்டு. முதல் இரண்டு மூன்று வாரம் காத்திருப்பதில் தவறில்லை, பெரும்பாலோருக்கு அதற்குள் திரும்பிவிடும். அதைத் தாண்டியும் வரவில்லை என்றால் கோளாறு அடைப்பில் இல்லை. இடம் வேறு, வேலையும் வேறு.

மணத்தை அறியும் திசு நாம் நினைப்பதுபோல் மூக்குத் துளைக்குள் இல்லை. மூக்கறையின் கூரையில், ஏறத்தாழ இரு கண்களுக்கும் நடுவே உள்ள மட்டத்தில், சில சதுர செ.மீ. அளவே உள்ள ஒரு படலம் அது. அதில் இருக்கும் நரம்பு செல்களின் நுனியில் நுண்ணிய மயிரிழைகள் கோழைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். மண மூலக்கூறு கோழையில் கரைந்து அந்த இழைகளில் உள்ள ஏற்பிகளை, அதாவது மணத்தைப் பிடிக்கும் புரதங்களை, தொட வேண்டும். மனிதரிடம் வேலை செய்யும் ஏற்பி வகைகள் சுமார் 400. இந்த ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் 1991-இல் கண்டறிந்தார்கள், 2004-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒவ்வொரு நரம்பு செல்லும் ஒரே ஒரு வகை ஏற்பியைத்தான் தாங்கும். அதன் வால் மேலே உள்ள சல்லடை எலும்பின் துளை வழியாக மூளைக்கு அடியில் இருக்கும் முகர்வுக் குமிழுக்குப் போகும். ஒரே வகை ஏற்பி கொண்ட செல்கள் எல்லாம் அங்கே ஒரே புள்ளியில் வந்து சேரும். இந்த வயரிங்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரப்போகும் துர்நாற்றப் பிரச்சினைக்கு இதுவும் ஒரு சாவி.

சாதாரணச் சளியில் வீக்கமும் கோழையும் காற்றைக் கூரைக்கு ஏறவிடாது. அடைப்பு விட்டால் மணம் வந்துவிடும். வைரஸ் படலத்தையே தாக்கினால் கதை வேறு. கொரோனா வைரஸ் செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் ஏஸ்-2 என்ற புரதம் முகர்வு நரம்பு செல்களில் இல்லை, அவற்றைச் சுற்றி நின்று ஊட்டிக் காக்கும் தாங்கு செல்களில் இருக்கிறது. தாங்கு செல்கள் அழிந்தால் நரம்பு செல்கள் இழைகளை இழந்து வேலைநிறுத்தம் செய்கின்றன. ஒரே நாளில், மூக்கடைப்பே இல்லாமல், பலருக்கு மணம் அணைந்துபோனது இதனால்தான். தாங்கு செல்கள் சீக்கிரம் வளர்ந்துவிடும், அதனால் ஓரிரு வாரத்தில் மீண்டவர்கள் அதிகம். அழற்சி கடுமையாகி நரம்பு செல்களே அழிந்திருந்தால் அடியில் உள்ள குருத்தணுக்களில் இருந்து புதிதாக முளைத்து, வால் நீட்டி, சல்லடை எலும்பைத் தாண்டி, சரியான புள்ளியைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும், சிலருக்கு ஆண்டுகளும் ஆகும். உடம்பில் வாழ்நாள் முழுக்கப் புதுப்பித்துக்கொள்ளும் நரம்பு செல்கள் மிகச் சில. இவை அவற்றில் சேர்ந்தவை என்பதுதான் இந்த நோயில் நம்பிக்கைக்கு உண்மையான அடிப்படை.

கொரோனா வந்த பிறகே உலகம் இதைப் பேசத் தொடங்கியது. பிரிட்டன் 2020 மே 18 அன்றுதான் மண இழப்பை அதிகாரப்பூர்வ அறிகுறிப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் ஃப்ளூ, சாதாரணச் சளி வைரஸ்கள், பாராஇன்ஃப்ளூயன்ஸா போன்றவற்றால் மணம் இழந்தவர்களைக் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகவே பார்த்து வந்திருக்கிறார்கள். அவர்களில் நடுவயதைத் தாண்டிய பெண்களே அதிகம். "சளிதானே" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களும் அவர்களில் நிறைய. அந்த அலட்சியம் இன்னும் முழுதாகப் போகவில்லை என்பது என் வருத்தம்.

வீட்டிலேயே சோதிப்பது எப்படி

"நாக்கு செத்துவிட்டது" என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலும் நாக்கு நன்றாகத்தான் இருக்கும். சர்க்கரை, உப்பு, எலுமிச்சைச் சாறு, கசப்பான ஏதாவது ஒன்று, இந்த நான்கையும் தனித்தனியே நாக்கில் வைத்துப் பாருங்கள். நான்கும் தெரிந்தால் சுவை பிழைத்திருக்கிறது. மெல்லும்போது தொண்டையின் பின்வழியாக மூக்கின் கூரைக்கு ஏறும் மணம்தான் போயிருக்கிறது. ஆரஞ்சை ஆரஞ்சாகவும் ஆப்பிளை ஆப்பிளாகவும் ஆக்குவது அந்த மணம்தான். நாக்கில் இனிப்பும் புளிப்பும் மட்டுமே மிஞ்சும். கொரோனாவில் சிலருக்கு நாக்கின் சுவையும் சேர்ந்தே பாதிக்கப்பட்டது, அதனால் இந்தச் சோதனையைச் செய்யாமல் ஊகிக்க வேண்டாம்.

மூக்கைச் சோதிக்கும்போது மக்கள் கையில் எடுப்பது தைலம், புதினா மணமுள்ள பற்பசை, வினிகர், சில சமயம் அமோனியா. இவை எல்லாமே தவறான தேர்வு. மென்தாலின் குளிர்ச்சி, அமோனியாவின் குத்தல், மிளகாயின் எரிச்சல் ஆகியவற்றை உணர்வது முகத்தின் தொடு உணர்வைச் சுமக்கும் முக்கிளை நரம்பு. முகர்வு நரம்பு முழுதாகச் செயலிழந்தவருக்கும் தைலம் "தெரியும்". அதை நம்பி "எனக்குக் கொஞ்சம் மணம் வருகிறது" என்று கணக்குப் போட்டால் பிறகு எல்லாக் கணக்கும் பிழையாகும்.

காபித் தூள், ஆரஞ்சுத் தோல், சோப்பு, வனிலா எசென்ஸ் நனைத்த பஞ்சு என நான்கை ஒரே மாதிரியான மூடிய பாட்டில்களில் போடுங்கள். ஐந்தாவது பாட்டிலைக் காலியாக விடுங்கள். கண்ணை மூடிக்கொள்ள, இன்னொருவர் கலைத்துக் கலைத்து மூக்கின் கீழ் நீட்டட்டும். காலிப் பாட்டிலிலும் "ஏதோ வருகிறது" என்று சொன்னால் மூளை கற்பனை செய்கிறது என்று அர்த்தம். மணம் வருகிறதா, வந்தால் எதுவென்று பெயர் சொல்ல முடிகிறதா என்பதைத் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். உணர்வது ஒன்று, அடையாளம் காண்பது வேறொன்று, மீட்சியில் பல சமயம் முதலாவதுதான் முன்னால் வரும்.

மருத்துவமனையில் இதையே அளவுகோலோடு செய்வார்கள். ஸ்னிஃபின் ஸ்டிக்ஸ் என்ற மணப் பேனாச் சோதனையில் எவ்வளவு மெலிதான மணம் தெரிகிறது, இரண்டு மணத்துக்கு வேறுபாடு தெரிகிறதா, பெயர் சொல்ல முடிகிறதா என்று மூன்று பிரிவு. பிரிவுக்கு 16 வீதம் மொத்தம் 48 மதிப்பெண். 16 அல்லது அதற்குக் கீழே வந்தால் மணம் ஏறக்குறைய இல்லை என்றும், 30.75-க்குக் கீழே வந்தால் குறைவு என்றும் எடுத்துக்கொள்வார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உருவான 40 கேள்விச் சோதனையும் உண்டு, அட்டையைச் சுரண்டி முகர்ந்து பதில் சொல்ல வேண்டும். அது அடையாளம் காண்பதை மட்டும் அளக்கும்.

எல்லா மண இழப்பும் வைரஸால் அல்ல. ஒரு பக்க மூக்கில் மட்டும் அடைப்போ ரத்தமோ, தலையில் அடிபட்ட பிறகு ஒரு துளையில் இருந்து தண்ணீர்போல் ஒழுகுவது, பார்வை மாற்றம், விடாத தலைவலி, சளியே பிடிக்காமல் மெல்ல மெல்ல மணம் குறைவது, இவற்றில் எது இருந்தாலும் பயிற்சியை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மணம் சில நாள் வந்து சில நாள் போனால் மூக்கில் பாலிப் எனும் சதை வளர்ச்சியோ நாள்பட்ட சைனஸோ இருக்கலாம். அதற்குச் சிகிச்சை வேறு, பலன் கிடைக்கும் வாய்ப்பும் அதிகம்.

முகர்வுப் பயிற்சி

வைரஸுக்குப் பிந்தைய மண இழப்பில் ஆதாரமும் பாதுகாப்பும் ஒருசேர இருக்கும் சிகிச்சை என்று நான் தயங்காமல் சொல்வது இது ஒன்றைத்தான். ஜெர்மனியின் டிரெஸ்டனில் தாமஸ் ஹுமெல் குழு 2009-இல் வெளியிட்ட முறை: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கு மணங்கள், தினம் இரு வேளை, 12 வாரம். பூ, பழம், மசாலா, பிசின் என்ற நான்கு குடும்பங்களுக்கு ஒவ்வொரு பிரதிநிதி என்பதே இந்தத் தேர்வின் காரணம். புதிதாக முளைக்கும் செல்களுக்கும் அவற்றின் செய்தியைப் படிக்க வேண்டிய மூளைக்கும் தினமும் வேலை கொடுப்பதுதான் நோக்கம்.

தேவையானவை எளியவை. அடர்பழுப்பு நிறத்தில், வாய் அகன்ற, இறுக்கமாக மூடும் நான்கு சிறு கண்ணாடிப் பாட்டில்கள். பிளாஸ்டிக் வேண்டாம், எண்ணெயின் மணம் அதில் ஏறிக்கொள்ளும், சில எண்ணெய்கள் பிளாஸ்டிக்கையே அரிக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் வட்டமாக வெட்டிய பஞ்சு அல்லது தடித்த காகிதம். அதன்மேல் சுத்தமான எசென்ஷியல் ஆயில் (தாவரத்தில் இருந்து எடுத்த மண எண்ணெய்) 15 முதல் 20 சொட்டு, பஞ்சு நனைய வேண்டும், தளும்பக் கூடாது. பெயரும் ஊற்றிய தேதியும் எழுதி ஒட்டுங்கள். "ரோஜா மணம்" என்று எழுதிய மலிவான கலவைகளில் பெரும்பகுதி கரைப்பானாக இருக்கும், சில வாரத்தில் ஒன்றும் மிஞ்சாது. மணம் தெரியாதவருக்கு அது தீர்ந்ததும் தெரியாது. அதனால் மாதம் ஒருமுறை, வீட்டில் மணம் தெரிந்த ஒருவரிடம் நான்கையும் முகரக் கொடுத்து உறுதிசெய்துகொள்ளுங்கள். எலுமிச்சைதான் முதலில் கெடும், காற்றுப்பட்டால் ஆக்சிஜனேற்றம் அடைந்து மணம் மாறிவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பஞ்சையே மாற்றிவிடுவது நல்லது.

சமையலறையும் குளியலறையும் இல்லாத அமைதியான இடத்தில், காலை உணவுக்கு முன்பும் இரவு படுக்கும் முன்பும் செய்யுங்கள். பெயரைப் படித்துவிட்டுத் திறந்து, பாட்டிலை மூக்கில் இருந்து இரண்டு மூன்று செ.மீ. தள்ளிப் பிடியுங்கள். நீளமாக ஒரே மூச்சாக இழுக்காமல், முயல் முகர்வதுபோல் குட்டிக் குட்டியாக, மெதுவாக, 20 நொடி. அந்த 20 நொடியும் மனம் அந்த மணத்தின் நினைவில் இருக்க வேண்டும்: எலுமிச்சையை அறுக்கும்போது விரலில் தெறிக்கும் துளி, தோலின் எண்ணெய். பிறகு மூடிவிட்டு அரை நிமிடம் சாதாரணமாக மூச்சுவிட்டு, அடுத்த பாட்டில். மொத்தம் ஐந்து நிமிடம் ஆகாது.

பலன் கிடைக்காமல் போவது பெரும்பாலும் சில சின்னத் தவறுகளால். பலமாக உறிஞ்சினால் முக்கிளை நரம்பு எரிச்சல்தான் மேலோங்கும், தலையும் சுற்றும். நான்கையும் அடுத்தடுத்து இடைவெளியின்றி முகர்ந்தால் முதல் மணமே மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். டிவி பார்த்துக்கொண்டே செய்வது மூச்சுப் பயிற்சியாகத்தான் முடியும். யூகலிப்டஸில் வரும் குளிர்ச்சியை மணம் என்று எண்ணிக்கொள்வதும் நிறைய நடக்கிறது, முன்னேற்றத்தை ரோஜாவையும் கிராம்பையும் வைத்தே கணியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்று வாரம் செய்துவிட்டு "ஒன்றும் வரவில்லை" என்று நிறுத்துவது. முதல் வாரங்களில் நான்கு பாட்டிலும் காலியாகவே தோன்றும். அப்போதும் செய்ய வேண்டும். குறைந்தது மூன்று மாதம், முடிந்தால் ஆறு முதல் ஒன்பது மாதம். 12 வாரத்துக்கு ஒருமுறை நான்கு மணங்களையும் மாற்றினால் பலன் கூடுதல் என்று துருக்கிய மருத்துவர் ஆல்தன்தாகின் குழு 2015-இல் காட்டியது. அவர்களின் இரண்டாம் தொகுப்பில் மென்தால், தைம், டேஞ்சரின், மல்லிகை இருந்தன.

வாரம் ஒரு நாள், அதே கிழமையில், ஒவ்வொரு மணத்துக்கும் 0 முதல் 10 வரை ஒரு எண் போட்டு, எப்படி இருந்தது என்று ஒரு வரி எழுதிவையுங்கள். தினமும் எண் போட்டால் ஏற்ற இறக்கம் மனதைச் சோர்வடையச் செய்யும். மாற்றம் பெரும்பாலும் "ஒன்றுமில்லை" என்பதில் இருந்து "ஏதோ ஒன்று, ஆனால் நான்கும் ஒரே மாதிரி" என்றும், பிறகு "இது அதுவல்ல" என்றும் வரும். நான்கும் ஒரே மாதிரி தெரிவதைத் தோல்வி என்று எழுதாதீர்கள், அது ஒரு படி ஏறியதுதான்.

எண்ணெயை மூக்குக்குள் விடுவதோ தோலில் நேரடியாகத் தடவுவதோ கூடாது, கிராம்பு எண்ணெய் புண்ணாக்கும். யூகலிப்டஸ் எண்ணெயைக் குழந்தை விழுங்கினால் நஞ்சு, பாட்டில்களைப் பூட்டி வையுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கவும்.

எல்லாம் அழுகல் வாடையாகும்போது

தொற்று முடிந்து இரண்டு மூன்று மாதத்தில், மணம் கொஞ்சம் திரும்பத் தொடங்கும் சமயம், சிலருக்குப் பயங்கரமான ஒரு திருப்பம் வரும். காபி கருகிய ரப்பராகவும், வெங்காயம் வதக்குவது சாக்கடையாகவும், பொரித்த கோழி அழுகிய ஏதோவாகவும் நாறும். இதற்குப் பாரோஸ்மியா என்று பெயர். எதுவுமே இல்லாதபோது புகை வாடை வருவது ஃபான்டோஸ்மியா, அது வேறு. மணமே இல்லாத காலத்தைவிட இந்தக் காலத்தைத் தாங்குவதுதான் கடினம். குடும்பத்தாரால் இதை நம்ப முடிவதில்லை, "நன்றாகத்தானே இருக்கிறது" என்று தட்டை நகர்த்துவார்கள். சாப்பிட முடியாமல் எடை குறைந்து, பேச்சும் குறைந்து போகிறவர்கள் அடம் பிடிக்கிறார்கள் என்று நினைப்பது பெரும் அநியாயம்.

ஏன் எப்போதும் காபி, வெங்காயம், பூண்டு, முட்டை, வறுத்த இறைச்சி, சாக்லேட்? பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகத்து ஜேன் பார்க்கரின் குழு காபியின் மணத்தைக் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றாக முகரக் கொடுத்து, குற்றவாளிகளை அடையாளம் கண்டது. முதலிடத்தில் வந்தது 2-ஃபியூரன்மெத்தேன்தயால் என்ற கந்தகச் சேர்மம். சாதாரண மூக்குக்கு அதுவே இனிய காபி மணம். கந்தகச் சேர்மங்கள், வறுக்கும்போது உண்டாகும் பைரசின்கள் போன்றவை மிகமிக மெலிதாக இருந்தாலே ஏற்பியைத் தூண்டக்கூடியவை. பாதி ஏற்பிகள் இன்னும் முளைக்காத மூக்கில் இவை மட்டும் முதலில் பதிவாகி, மென்மையாக்கும் மற்ற மணங்கள் சேராமல் தனித்து ஒலிக்கின்றன. புதிய செல்களின் வால்கள் தவறான புள்ளியில் இணைவதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது.

இதில் உடனடியாகச் செய்யக்கூடியது சூட்டைக் குறைப்பது. சூடான உணவில் இருந்து மண மூலக்கூறுகள் அதிகம் பறக்கும், ஆறியதில் குறைவு. தயிர், சீஸ், பழம், வேகவைத்து ஆறிய பருப்பு, வதக்காத காய், வெறும் சோறு அல்லது ரொட்டி போன்றவை பலருக்கு உள்ளே போகும். புளிப்பு, உப்பு, மிளகாயின் காரம், மொறுமொறுப்பு ஆகியவை மூக்கைச் சாராதவை, தட்டில் அவற்றைக் கூட்டுங்கள். எது ஏற்கிறது எது தள்ளுகிறது என்று ஒரு பட்டியல் வைத்து, தள்ளியவற்றை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை சிறு துளி முயன்று பாருங்கள். வீட்டில் மற்றவர்கள் வறுக்கும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும், கதவு மூடியிருக்கட்டும். நீச்சல்காரர்கள் போடும் மூக்குக் கிளிப் சாப்பிடும் நேரத்துக்கு உதவும். பயிற்சியை நிறுத்த வேண்டாம், ஆனால் நான்கில் ஒன்று குமட்டினால் அதை மட்டும் மாற்றிவிடுங்கள்.

மருந்துகள்

இங்கே சொல்ல அதிகம் இல்லை. ஸ்டீராய்டு மாத்திரை வைரஸுக்குப் பிந்தைய மண இழப்புக்கு உறுதியான பலன் தருவதாக ஆதாரம் போதவில்லை, ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கம் ஆகியவற்றுக்கு ஆகும் சேதம் நிச்சயம். சாதாரண ஸ்டீராய்டு ஸ்ப்ரே மூக்கின் கீழ்ப்பகுதியிலேயே படிந்துவிடும், கூரையை எட்டுவதில்லை. உப்புநீரில் புடசொனைடு என்ற ஸ்டீராய்டைக் கலந்து மூக்கைக் கழுவுவதைப் பயிற்சியோடு சேர்த்தால் கூடுதல் பலன் உண்டு என்று 2018-இல் ஓர் ஆய்வு காட்டியது. அது மருத்துவர் சீட்டோடு மட்டும் செய்ய வேண்டியது. துத்தநாக மாத்திரை உதவும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. துத்தநாகத்தை மூக்குக்குள் விடுவதோ ஆபத்து, மணம் நிரந்தரமாகப் போகலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2009-இல் எச்சரித்தது. மூக்கடைப்பு நீக்கும் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்தால் அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும்.

வெறும் உப்புநீரால் கழுவுவது அடைப்பும் கோழையும் மிச்சமிருப்பவர்களுக்கு நல்லது. அயோடின் சேர்க்காத உப்பு 3 பங்கு, சமையல் சோடா 1 பங்கு கலந்து வைத்து, அதில் ஒரு தேக்கரண்டியை 240 மி.லி. தண்ணீரில் கரைக்கலாம். தண்ணீர் கண்டிப்பாகக் கொதிக்கவைத்து ஆறியதாகவோ வாலை வடித்ததாகவோ இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் இருக்கக்கூடிய ஒருவகை அமீபா மூக்கு வழியாக மூளைக்கு ஏறினால் உயிரையே எடுத்துவிடும்.

வீட்டில் உடனே மாற்ற வேண்டியவை

மணம் திரும்பும்வரை மூக்கு செய்துவந்த காவலை வேறு எதனிடமாவது ஒப்படைக்க வேண்டும். சமையல் வாயுவுக்கு இயல்பில் மணம் கிடையாது, கசிவு தெரிவதற்காகவே மெர்காப்டன் என்ற நாற்றமுள்ள கந்தகச் சேர்மத்தைச் சேர்க்கிறார்கள். அந்த எச்சரிக்கை உங்களுக்குக் கேட்காது. சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது, அதற்கான கசிவு உணர்வியைத் தரையில் இருந்து சுமார் 30 செ.மீ. உயரத்தில் பொருத்த வேண்டும். குழாயில் வரும் இயற்கை எரிவாயு லேசானது, அதற்கு உணர்வி கூரைக்கு அருகில். மாற்றிப் பொருத்தினால் கசிவு தெரிய நேரமாகும். புகை உணர்வி தூங்கும் அறைக்கு வெளியே ஒன்று இருக்கட்டும், பேட்டரியை மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திச் சோதியுங்கள். அடுப்பில் எதை வைத்தாலும் கைபேசியில் டைமர் வையுங்கள். மிச்சமான உணவில் சமைத்த தேதியை எழுதி ஒட்டுங்கள், பால் பாக்கெட்டில் தேதியைப் பாருங்கள், முகர்ந்து முடிவு செய்யாதீர்கள். சுவை தெரியவில்லை என்று உப்பும் சர்க்கரையும் கை தன்னையறியாமல் கூடிவிடும், ரத்த அழுத்தமோ சர்க்கரை நோயோ உள்ளவர்கள் கரண்டியால் அளந்தே போடுங்கள். எடையை வாரம் ஒருமுறை பாருங்கள், ஒரு மாதத்தில் நினைத்துப்பார்க்காத அளவு இறங்கினாலோ, எதிலும் ஈடுபாடு இல்லாமல் வாரக்கணக்கில் போனாலோ, அதைத் தனியாகவே மருத்துவரிடம் சொல்லுங்கள். மண இழப்போடு மனச்சோர்வு சேர்ந்து வருவது சாதாரணம், அதற்குச் சிகிச்சையும் உண்டு.